மறதிக்கென்று கனடாவில் இருந்து வந்த மூன்று போத்தல்கள்: அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

உடுவில் மகள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனது அம்மாவுக்கு 72 வயது. முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆரம்பப் பாடசாலை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தான் படிப்பித்த பிள்ளைகளின் பெயரை மட்டுமன்றி, அவர்களின் தாய் தகப்பன் யார், எந்த ஒழுங்கையில் வீடு என்பதையும் சொல்லக்கூடியவராக இருந்தவர், கடந்த ஒன்றரை ஆண்டாக ஒரே கேள்வியை அரை மணித்தியாலத்துக்குள் மூன்று தடவை கேட்கிறார். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பூப்பறிக்கப் போய்விடுகிறார். சென்ற மாதம் மருதனார்மடம் சந்தையில் மரக்கறி வாங்கிக் காசும் கொடுத்துவிட்டு, பையை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையுடன் வீடு வந்தார். ஆனால் இதுவரை வழி தவறியதில்லை. பென்சன் காசைத் தானே எண்ணிக் கணக்கு எழுதுகிறார். தேவாரத்தை ஒரு சொல் பிசகாமல் பாடுகிறார். அயலில் ஒருவர் "ரீச்சருக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்குத்தான், இனியும் எல்லாவற்றையும் வயதின் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது என்று எனக்குப் பட்டது.

ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணா, ஊருக்கு வந்த உறவினர் ஒருவரிடம் மூன்று போத்தல்களைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஒன்று ஜிங்கோ என்னும் மரத்தின் இலைச்சாற்றுக் குளிசை, 120 மில்லிகிராம். இரண்டாவது மீனெண்ணெய், 1000 மில்லிகிராம். மூன்றாவது "மூளைக்கும் ஞாபகசக்திக்கும்" என்று மேலே எழுதப்பட்ட ஒரு கலவை. அதில் பதினான்கு பொருட்களின் பெயர்கள் இருக்கின்றன, ஆனால் எது எவ்வளவு என்று இல்லை, மொத்தம் 650 மில்லிகிராம் என்று மட்டுமே போட்டிருக்கிறது. அம்மா பிறந்ததில் இருந்தே சைவம், முட்டைகூடச் சேர்ப்பதில்லை. மீனெண்ணெய் என்று தெரிந்தால் அந்தப் போத்தல் இருக்கும் அறைக்குள்ளேயே போகமாட்டார். "மருந்து என்று சொல்லிக் கொடு" என்கிறார் அண்ணா. எனக்கு மனம் ஒப்பவில்லை.

அம்மா இப்போது எடுக்கும் மருந்துகளையும் எழுதுகிறேன். சீனி வருத்தத்துக்கு மெற்போர்மின் 1000 மில்லிகிராம் காலையும் இரவும், பதினான்கு ஆண்டுகளாக. பிரஷருக்கு ஒன்று. அஸ்பிரின் 75 மில்லிகிராம். நெஞ்செரிவுக்கு ஒமெப்ரசோல், நான்கைந்து ஆண்டுகளாக. இரவில் மூக்கு ஒழுகுவதாலும், போட்டால் நித்திரை வருவதாலும், பாமசியில் வாங்கும் பிரிட்டன் என்ற ஒவ்வாமைக் குளிசை ஒன்று, ஏறக்குறைய ஒவ்வொரு நாளும். பாதங்கள் இரண்டும் விறைப்பதாகவும், பஞ்சின் மேல் நடப்பது போல இருப்பதாகவும் சொல்கிறார். அது சீனி வருத்தத்தால் வருவது என்று விட்டுவிட்டோம்.

இந்த மூன்றில் எதைக் கொடுக்கலாம்? மறதி மேலும் கூடாமல் இருக்க உண்மையில் உதவும் சத்துக் குளிசை ஏதும் இருக்கிறதா?

பழைய மருந்தாளர் எழுதியது:

பிள்ளை, நான் நாற்பது ஆண்டுகள் மருந்தாளராக வேலை செய்தவன், வைத்தியர் அல்லன். ஆகவே நான் எழுதுவதைக் கிளினிக்கில் கேட்கவேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டது போத்தல்களைப் பற்றி. ஆனால் என் கண் போய் நின்றது அம்மா ஏற்கெனவே விழுங்கும் குளிசைகளின் மேல்.

விற்றமின் பி12 என்னும் சத்து தாவர உணவில் இல்லை. முட்டையும் சேர்க்காத ஒருவருக்குப் பாலும் தயிரும்தான் அது வரும் வழி. நாளொன்றுக்கு வேண்டியது 2.4 மைக்கிரோகிராம், ஒரு பெரிய கிளாஸ் பாலில் இருப்பதோ ஏறத்தாழ 1 மைக்கிரோகிராம். அந்தச் சிறிய வரவையும் உணவின் புரதத்தில் இருந்து பிரித்தெடுப்பதற்கு வயிற்று அமிலம் வேண்டும். ஒமெப்ரசோலின் வேலையே அந்த அமிலத்தைக் குறைப்பதுதான். பிரித்தெடுத்ததைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சவேண்டும். அந்த உறிஞ்சலை மெற்போர்மின் குறைக்கிறது. மெற்போர்மின் எடுப்பவர்களிடம் பி12 குறைவது பரவலாகக் காணப்படும் பக்கவிளைவு என்றும், அளவும் காலமும் கூடக்கூட அது கூடுகிறது என்றும் பிரித்தானியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் வைத்தியர்களுக்கு அறிவித்தது. உங்கள் அம்மாவுக்கு நாளொன்றுக்கு 2000 மில்லிகிராம், பதினான்கு ஆண்டுகள். ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு தலைகாட்டப் பல ஆண்டுகள் எடுக்கும். தலைகாட்டும்போது மறதி, மனச்சோர்வு, கால் விறைப்பு, தள்ளாடும் நடை என்று வருவதால், பாதியை வயதின் மேலும் பாதியைச் சீனி வருத்தத்தின் மேலும் போட்டுவிடுகிறோம். பஞ்சின் மேல் நடப்பது போல என்று அம்மா சொன்ன சொல்லை அப்படியே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பி12 அளவைப் பார்க்கும் பரிசோதனை கிளினிக்கில் கிடைக்காவிட்டால் தனியார் ஆய்வுகூடத்தில் செய்யலாம். பொதுவாக ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் 200 பிகோகிராமுக்குக் கீழ் இருந்தால் குறைபாடு. 200க்கும் 300க்கும் இடையே ஐயத்துக்குரியது. இரத்தசோகை இல்லையே என்று யாராவது சொன்னால் அதை ஏற்று நின்றுவிடாதீர்கள். இரத்தம் நன்றாக இருக்கும்போதே நரம்பு கெடுவதுண்டு. போலிக் அமிலம் என்னும் பி வகை விற்றமின் குளிசையை மட்டும் தனியே கொடுத்தால் இரத்தசோகை சீராகி, நரம்புச் சேதம் வெளியே தெரியாமல் தொடரும் என்பதும் இந்தத் துறையில் பழைய பாடம். அதே நாளில் தைரொயிட், சோடியம், சிறுநீரகப் பரிசோதனைகளையும் செய்துவிடுங்கள். தைரொயிட் குறைந்தாலும் சோடியம் குறைந்தாலும் முதியவரின் மூளை மந்தமாகும், இரண்டும் திருத்தக்கூடியவை. மூன்றாவது போத்தலில் பயோற்றின் என்னும் விற்றமின் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் பரிசோதனைக்கு முன் அதைத் தொடவே வேண்டாம். கூடிய அளவு பயோற்றின் தைரொயிட் போன்ற பரிசோதனைகளைப் பிழையாகக் காட்டச் செய்யும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்திருக்கிறது.

அடுத்தது பிரிட்டன். குளோர்பெனிரமின் என்னும் அந்த மருந்து, ஞாபகத்துக்கு வேண்டிய அசற்றைல்கோலின் என்னும் இரசாயனத்தின் வேலையைத் தடுக்கும் வகையைச் சேர்ந்தது. டிமென்சியா என்னும் மறதி நோய்க்குக் கொடுக்கப்படும் டொனெபெசில் அதே இரசாயனத்தைக் கூட்ட முயல்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். எழுபது வயதுக்கு மேற்பட்டவர் அதை நித்திரைக்காக நாள்தோறும் போடுவது, இடது கையால் விளக்கை ஏற்றி வலது கையால் அணைப்பது போன்றது. ஒவ்வாமைக்கு மயக்கம் குறைந்த மாற்று மருந்துகள் இருக்கின்றன, வைத்தியரிடம் கேளுங்கள்.

இனிப் போத்தல்களுக்கு வருகிறேன். ஜிங்கோவை அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3069 பேருக்கு, 120 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு தடவை வீதம், நடுவளவாக ஆறு ஆண்டுகளுக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2008இல் வெளிவந்தது: மறதி நோய் வருவது குறையவில்லை. பிரான்சில் 2800க்கும் மேற்பட்டோருக்கு ஐந்து ஆண்டுகள் கொடுத்துப் பார்த்ததன் முடிவு 2012இல் வந்தது. அதுவும் அதையே சொன்னது. பயனில்லை என்பதோடு நின்றால் பரவாயில்லை. அஸ்பிரின் எடுப்பவருக்கு ஜிங்கோ இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டலாம். அதை நீங்கள் கொடுக்கவேண்டாம் என்பது என் கருத்து.

மீனெண்ணெயை ஏமாற்றிக் கொடுக்கும் பேச்சை அண்ணா விட்டுவிடவேண்டும். மறதியுள்ள ஒருவருக்கு வீட்டார் மேல் இருக்கும் நம்பிக்கைதான் கடைசிவரை மிஞ்சும் பிடி. அதை ஒரு கப்சூலுக்காக விலைபேசக்கூடாது. பலன் என்று பார்த்தாலும், அமெரிக்காவில் கண்நோய் உள்ள சுமார் 3500 முதியவர்களுக்கு ஐந்து ஆண்டுகள் மீனெண்ணெயில் உள்ள ஒமேகா 3 கொழுப்பமிலம் கொடுத்த ஆய்வும், பிரான்சில் 1680 பேருக்கு மூன்று ஆண்டுகள் கொடுத்த ஆய்வும் ஞாபகத்தில் பயன் எதையும் காட்டவில்லை. மீன் சாப்பிடுபவர்கள் குருநகர்ச் சூடை மீனை வாரம் இரண்டு தடவை சாப்பிட்டால் போதும். சைவர்களுக்கு அந்தக் கொழுப்பமிலம் வேண்டுமென்றால் கடற்பாசியில் இருந்து எடுத்த எண்ணெய் இருக்கிறது. அதையும் இப்போதைக்கு நான் அவசரப்படுத்தமாட்டேன்.

மூன்றாவது போத்தல்தான் எனக்குப் பயம். அளவு எழுதப்படாத கலவை என்றால் அதை நான் பாமசியில் அடுக்கவே விரும்பமாட்டேன். இத்தகைய கலவைகள் சிலவற்றில் ஹூப்பர்சைன் என்ற பொருள் இருக்கும். அது சத்து அன்று, டொனெபெசில் போலவே வேலை செய்வது, நாடித்துடிப்பைக் குறைக்கக்கூடியது. நாளைக்கு வைத்தியர் டொனெபெசில் எழுதினால் இரண்டும் சேர்ந்துவிடும். அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இத்தகைய பொருட்களை விற்பதற்கு முன், அவை வேலை செய்கின்றன என்று யாருக்கும் நிரூபித்துக் காட்டவேண்டியதில்லை. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, ஞாபகசக்திக்கென்று அங்கே விற்கப்பட்ட பத்துப் பொருட்களைச் சோதித்து, அனுமதிக்கப்படாத ஐந்து மருந்துகளை அவற்றில் கண்டது. ஜெலிமீனில் முதலில் கண்டறியப்பட்ட புரதம் ஒன்றைக் கொண்ட பிரெவாஜென் என்ற குளிசையின் ஞாபகசக்தி விளம்பரங்களுக்கு எதிராக, 2017இல் தொடுத்த வழக்கு 2024 இறுதியில்தான் அந்த விளம்பரங்களுக்குத் தடை உத்தரவு வரும் வரை போயிற்று. அத்தனை காலமும் அது விற்றுக்கொண்டுதான் இருந்தது.

தொண்டைமானாற்றான் எழுதியது:

மருந்தாளர் ஐயாவை மறுத்துப் பேசுவதாக நினைக்கவேண்டாம். என் தகப்பனாருக்கு 70 வயதில் இதே மறதி வந்தது. லண்டனில் இருந்து வந்த ஜிங்கோவைத்தான் இரண்டு ஆண்டுகள் கொடுத்தோம். இன்றைக்கு 76 வயதில் சைக்கிளில் சந்தைக்குப் போய் வருகிறார். ஆய்வில் பலன் இல்லை என்பது சரி, எங்கள் வீட்டில் கண்ணால் கண்டதை என்ன செய்வது?

பழைய மருந்தாளர் எழுதியது:

தம்பி, அப்பா நன்றாக இருப்பது மகிழ்ச்சியான செய்தி; அதை நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் மெல்லிய மறதி என்று கண்டறியப்பட்டவர்கள் எல்லோரும் மறதி நோய்க்குப் போவதில்லை. கணிசமானவர்கள் அப்படியே நிற்பார்கள், சிலர் பழைய நிலைக்கே திரும்புவார்கள். குளிசை போட்டாலும் அப்படித்தான், போடாவிட்டாலும் அப்படித்தான். அதனால்தான் ஆய்வில் பாதிப் பேருக்கு வெற்றுக் குளிசை கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டில் வெற்றுக் குளிசை எடுத்த இன்னோர் அப்பா இருந்திருந்தால் நாமும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். சைக்கிளை மட்டும் நிறுத்தவிடாதீர்கள். நான் ஜிங்கோவைவிட அதைத்தான் நம்புவேன்.

கைதடி வைத்தியர் எழுதியது:

நான் சித்த மருத்துவம் படித்துத் தொழில் செய்பவன். இந்தத் திரியில் யாராவது வல்லாரையைக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன்; கேட்காததால் நானே எழுதுகிறேன்.

"வல்லாரை உண்டாரோடு மல்லாடாதே" என்று நம்மிடம் பழமொழியே இருக்கிறது. சித்த நூல்கள் வல்லாரையை, உடலை நெடுநாள் காக்கும் கற்ப மூலிகைகளுள் வைத்துப் போற்றுகின்றன. எங்கள் தொழிலில் ஞாபகமறதிக்கு அது நெய்யாகவும் சூரணமாகவும் கொடுக்கப்படுகிறது. அந்த மரபை நான் குறைத்து மதிக்கவில்லை. இருந்தாலும், மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட மீளாய்வு, வெற்றுக் குளிசையோடு ஒப்பிடும்போது வல்லாரை அறிவாற்றலைக் கூட்டியதாகத் தெளிவான சான்று இல்லை என்றுதான் சொன்னது. மனநிலையிலும் விழிப்பிலும் ஓரளவு பயன் இருக்கலாம் என்றது. இதை என்னிடம் வருபவர்களுக்கும் நான் மறைப்பதில்லை.

நீர்ப்பிரமி வேறு செடி. இந்தியாவில் சில இடங்களில் வல்லாரையையும் பிரமி என்றே அழைப்பதால், பெயரைப் பார்த்து வாங்குபவர் எதை வாங்கினார் என்று அவருக்கே தெரியாது. நீர்ப்பிரமிக்குச் சான்று சற்றுக் கூட இருக்கிறது. 65 வயதுக்கு மேற்பட்ட, நோயில்லாத 54 பேருக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் சாறு பன்னிரண்டு கிழமை கொடுத்த அமெரிக்க ஆய்வு 2008இல் வெளியானது. கேட்ட சொற்களைப் பிந்தி நினைவுகூரும் சோதனையில் அவர்கள் முன்னேறினார்கள். 2014இல் ஒன்பது ஆய்வுகளைத் தொகுத்தபோதும் கவனத்தின் வேகத்தில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் இவை சிறிய ஆய்வுகள், சில மாதங்களே நடந்தவை. மறதி நோயை அது தடுக்கும் என்று எவரும் காட்டவில்லை. வயிற்றுப்போக்கும் குமட்டலும் சிலருக்கு வரும்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேதப் பொருட்களைப் பரிசோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2008இல் வெளிவந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆசனிக்கு ஆகியவற்றுள் ஏதோ ஒன்று இருந்தது. ஈயம் மூளைக்கு நஞ்சு. ஞாபகத்துக்கென்று வாங்கும் போத்தலே ஞாபகத்தைக் கெடுத்தால் அதைவிடக் கொடுமை வேறில்லை. ஆகையால் யார் செய்தது என்று தெரியாத லேகியத்தையும் சூரணத்தையும் வாங்கவேண்டாம். வேண்டுமென்றால் பதிவுபெற்ற சித்த வைத்தியரிடமோ கைதடியில் உள்ள சித்த போதனா வைத்தியசாலையிலோ காட்டிக் கேளுங்கள்.

வல்லாரையைச் சம்பலாகச் சாப்பிடுவதற்கு இந்த எச்சரிக்கை ஒன்றும் தேவையில்லை. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, தேசிக்காய்ப் புளி சேர்த்து வாரத்தில் இரண்டு மூன்று நாள் அம்மாவுக்குக் கொடுங்கள். அது மருந்து என்பதற்காக அன்று, நல்ல கீரை என்பதற்காக. ஈர நிலத்தில் படர்வது என்பதால் எங்கே பிடுங்கியது என்று கேட்டு வாங்கி, பல தண்ணீரில் அலசுங்கள். கப்சூலாகச் செறித்து விற்கும் சாறு வேறு கதை. வல்லாரைக் குளிசையால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் இருப்பது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

பி12 பற்றி மருந்தாளர் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: சைவர்களுக்குப் பி12 தரும் என்று சுருள்பாசிக் (ஸ்பிருலினா) குளிசையைச் சிலர் விற்கிறார்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி உடம்பு பயன்படுத்த முடியாத போலி வடிவம். எந்த மூலிகையும் பி12 ஊசிக்கு மாற்றாகாது.

ரொறன்ரோவில் ஒரு மகன் எழுதியது:

சகோதரி, உங்கள் அண்ணாவின் இடத்தில் நானும் நின்றவன் என்பதால் எழுதுகிறேன். இங்கே பெரிய கடைகளில் மூளைக் குளிசைகளுக்கென்றே ஓர் அடுக்கு இருக்கும். அப்பாவுக்கு மறதி என்று தொலைபேசியில் கேட்ட கிழமை, நான் அந்த அடுக்கின் முன்னால் அரை மணித்தியாலம் நின்று அள்ளிக்கொண்டு வந்தேன். தூரத்தில் இருப்பவனுக்கு வேறு எதைச் செய்வதென்று தெரிவதில்லை. அண்ணாவோடு கோபிக்கவேண்டாம்.

அந்த அடுக்கில் ஓரளவு சான்று உள்ள ஒன்று, வியப்பாக, எல்லாவற்றிலும் மலிவான பல்விற்றமின் குளிசைதான். அமெரிக்காவில் கொஸ்மொஸ் என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்ட 2262 பேருக்கு மூன்று ஆண்டுகள் கொடுத்தபோது, ஞாபகச் சோதனைகளில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. அது 2022இல் வெளியானது. அதன்பின் அதே ஆய்வின் வேறு இரண்டு பகுதிகளும் ஒத்துப்போயின. அறிவாற்றல் மூப்பு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிந்தியதற்குச் சமம் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். அதே ஆய்வில் கொடுக்கப்பட்ட கொக்கோச் சாறு எந்தப் பயனும் தரவில்லை; சொக்கிலேற்று நிறுவனம் ஒன்றும் அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்திருந்தது என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். இதற்கு எதிர்ச்சாட்சியும் உண்டு. ஏறத்தாழ 6000 ஆண் வைத்தியர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பல்விற்றமின் கொடுத்த முந்திய ஆய்வு, 2013இல், பயனில்லை என்றே முடிந்தது. மறதி நோய் வருவது குறையும் என்று இரண்டுமே காட்டவில்லை. பல்விற்றமின் கொடுத்தால் கெடுதல் பெரிதாக இல்லை என்ற அளவில்தான் நான் நிற்கிறேன். ஆனால் பி12 உண்மையிலேயே குறைந்திருந்தால், பல்விற்றமினில் இருக்கும் சில மைக்கிரோகிராம் அதைத் தீர்க்காது; பரிசோதனையைக் குழப்பவே செய்யும்.

அப்பாவின் கதைக்கு வருகிறேன். கடைசியில் அவருக்குப் பயன்பட்டது நான் அனுப்பிய எதுவும் அன்று. அவருக்குக் காது கேட்கவில்லை. சொன்னது காதில் விழாதபோது மறந்துவிட்டார் என்று நாங்கள் எழுதிக்கொண்டோம். கருவி பொருத்திய பிறகு பாதி மறதி காணாமற்போனது. மற்றப் பாதி இருந்தது, இருக்கிறது. மறதி நோய்க்கான ஆபத்துக் காரணிகளைத் தொகுத்து லான்செற் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை பதினான்கு காரணிகளைச் சொல்கிறது. அவற்றை எல்லாம் நீக்க முடிந்தால் மறதி நோயின் 45 வீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணக்கு. காது கேளாமையும், நடுவயதில் கூடிய கெட்ட கொழுப்பும் அதில் முதலிடத்தைப் பகிர்கின்றன. சீனி வருத்தம், பிரஷர், திருத்தப்படாத கண்பார்வைக் குறைவு, தனிமை எல்லாம் பட்டியலில் உள்ளன. எந்தச் சத்துக் குளிசையும் அதில் இல்லை.

அடுத்த பொதிக்கு முன் அண்ணாவிடம் சொல்லுங்கள்: அந்தக் காசை அம்மாவின் கண், காதுப் பரிசோதனைக்கு அனுப்பட்டும்.

உடுவில் மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி சொல்லத் தாமதமாகிவிட்டது. மூன்று மாதங்கள் கழித்து எழுதுகிறேன்.

மருந்தாளர் ஐயா எழுதிய கேள்விகளோடு, மருந்துப் பையையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போனேன். முதல் நாள் கூட்டம் அதிகம்; வைத்தியர் கொப்பியைப் புரட்டி, வயதானால் இப்படித்தான் என்று சொல்லி முடிக்கப் பார்த்தார். கால் விறைப்பையும் பதினான்கு ஆண்டு மெற்போர்மினையும் நான் சொன்ன பிறகே நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவரே பரிசோதனைகளை எழுதித் தந்தார். பி12 அளவு 138 பிகோகிராம். இரத்தசோகை இல்லை. தைரொயிட்டும் சோடியமும் சரியாக இருந்தன. ஒன்றுவிட்ட ஒரு நாள் ஊசி என்று தொடங்கி, இப்போது இடைவெளி கூட்டப்பட்டிருக்கிறது. பிரிட்டனை நிறுத்தி வேறு மருந்து தந்தார்கள். முதல் பத்து நாள் நித்திரையில்லை என்று அம்மா சண்டை பிடித்தார், பிறகு பழகிவிட்டது. ஒமெப்ரசோலும் இனி வேண்டுமா என்று பார்ப்பதற்காகக் குறைக்கப்பட்டிருக்கிறது. வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறது. சத்திரசிகிச்சைக்குத் திகதி கேட்டிருக்கிறோம். காது பரவாயில்லை.

கால் விறைப்பு ஓரளவு குறைந்திருக்கிறது. இருட்டில் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார். காலையில் எழுந்ததும் இருந்த அந்த மந்தம் இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது இந்த மாதம் ஒரே ஒரு தடவை. ஆனால் கேட்டதையே திரும்பக் கேட்பது முற்றாகப் போகவில்லை. முதலில் செய்த ஞாபகச் சோதனையில் 30க்கு 21 எடுத்தவர், இப்போது 23 எடுத்தார். எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. அம்மாவுக்கோ, மிச்ச ஏழு புள்ளியும் எங்கே போனது என்று கவலை. படிப்பித்த காலத்துப் புத்தி.

அண்ணாவிடம் ரொறன்ரோச் சகோதரர் எழுதியதை வாசித்துக் காட்டினேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. கண் சத்திரசிகிச்சைக்கு வந்து நிற்கிறேன் என்றார்.

எனக்கு இன்னும் இரண்டு கேள்விகள். ஊசிக்குப் பதிலாகக் குளிசைக்கு மாறலாமா? பி விற்றமின்கள் மூளை சுருங்குவதைத் தடுக்கும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அப்படியென்றால் பி6, போலிக் அமிலம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கவேண்டுமா?

பழைய மருந்தாளர் எழுதியது:

பிள்ளை, 138 என்றதும் என் மனம் ஆறியது. காரணம் ஒன்று கையில் அகப்பட்டுவிட்டது. இரண்டு புள்ளிக் கூடுதலைப் பெரிதாக எடுக்கவேண்டாம். ஒரே சோதனையை இரண்டாம் தடவை செய்பவர் பழக்கத்தாலேயே சற்றுக் கூட எடுப்பதுண்டு. ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். பி12 குறைபாடு நெடுநாள் இருந்திருந்தால் எல்லாம் திரும்பும் என்று சொல்ல முடியாது. அதற்குப் பக்கத்தில் வேறு மறதி நோய் தொடங்கியிருக்கவும் கூடும். அதனால் நினைவாற்றல் கிளினிக்குக்கோ நரம்பியல் வைத்தியருக்கோ ஒரு கடிதம் கேட்டு வாங்கி வையுங்கள்.

குளிசைக்கு மாறுவது முடியாத காரியமன்று. நாளொன்றுக்கு 1000 மைக்கிரோகிராம் விழுங்கினால், வழக்கமான உறிஞ்சல் வழி பழுதாக இருந்தாலும் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு தானாகவே உள்ளே போகும். 10 மைக்கிரோகிராம் போதுமானதற்கும் மேல். ஆனால் கால் விறைப்பு இன்னும் தேறிக்கொண்டிருப்பதால், அது ஒரு நிலைக்கு வந்து நிற்கும் வரை ஊசியைத் தொடர்வதே நல்லது; மாற்றுவதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். மறதியுள்ளவர் நாள்தோறும் ஒரு குளிசையை ஞாபகம் வைத்துப் போடவேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள். மெற்போர்மினை நீங்களாக நிறுத்தவேண்டாம். சீனி கூடினால் மூளைக்கு அது வேறு கேடு.

அந்தக் காணொளி சொல்வது ஒக்ஸ்போர்ட்டில் நடந்து 2010இல் வெளியான ஆய்வாக இருக்கவேண்டும். மெல்லிய மறதியுள்ள, 70 வயது கடந்தவர்களுக்குப் போலிக் அமிலம், பி12, பி6 மூன்றையும் கூடிய அளவில் இரண்டு ஆண்டுகள் கொடுத்தார்கள். மூளைப் படம் எடுக்கப்பட்ட 168 பேரில், விற்றமின் எடுத்தவர்களின் மூளை சுருங்கும் வேகம் சராசரியாக 30 வீதம் குறைந்தது. ஹோமோசிஸ்ரின் என்ற பொருள் இரத்தத்தில் கூடியிருந்தவர்களிடம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. நல்ல ஆய்வு, ஆனால் சிறியது. நெதர்லாந்தில் ஹோமோசிஸ்ரின் கூடிய 2919 முதியவர்களுக்குப் போலிக் அமிலமும் பி12உம் இரண்டு ஆண்டுகள் கொடுத்தபோது ஞாபகத்தில் பயன் தெரியவில்லை. குறைந்ததை நிரப்புவது ஒன்று. நிரம்பியிருப்பதன் மேல் ஊற்றுவது வேறொன்று. அம்மாவின் பி12ஐ வைத்தியர் நிரப்பிக்கொண்டிருக்கிறார். பி6ஐ நீங்களாகச் சேர்க்கவேண்டாம். நெடுநாள் கூடிய அளவில் எடுத்தால் அதுவே காலை விறைக்கச் செய்யும், பிறகு எது எதனால் வந்தது என்று ஒருவருக்கும் விளங்காது. போலிக் அமில அளவைப் பரிசோதித்து, குறைந்திருந்தால் மட்டும் பி12உடன் சேர்த்துக் கொடுக்கலாம்.

கண் சத்திரசிகிச்சைக்குப் போகும்போது அஸ்பிரினைப் பற்றி முன்கூட்டியே கேளுங்கள். கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம், சொல்லாமல் விடவும் வேண்டாம். திறக்காத ஜிங்கோவையும் மீனெண்ணெயையும் அயலாருக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தால், அவர்களுடைய மருந்துப் பையையும் முதலில் ஒரு தடவை பாருங்கள்.